தண்ணீரை விட்டு வராதவள்

பதினொன்று ஐந்து. நிற்கிறாள். துதிக்கை தண்ணீருக்குள். காது அசைவு நிமிடத்துக்கு நான்கு. நோட்டில் இவ்வளவுதான் எழுதவேண்டும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. யானை ஆராய்ச்சியில் பதினாறு வருடமாக இதுதான் என் வேலை, பார்ப்பது, மணி குறிப்பது, எழுதுவது, எதிலும் கைவைக்காமல் இருப்பது. நன்றாயிருக்கும் யானை இந்த வெயிலுக்கு நிமிடத்துக்கு இருபது தடவையாவது காதை வீசும். நான்கு என்று எழுதிய பேனா அதன்மேலேயே நின்றுவிட்டது, திரும்பத் திரும்ப எழுதி அந்த நான்கு தடித்துக் கறுத்து ஒரு பூச்சி மாதிரி ஆகிவிட்டது. ஊமத்தம்பள்ளத்துத் தடுப்பணையில் ஆள் மார்பளவு தண்ணீர். முந்தாநாள் காலையில் ரேசன்தான் முதலில் பார்த்தான். ரேசன் இந்தப் பகுதியின் வேட்டைத் தடுப்புக் காவலர், இருளர், என்னைவிட பத்து வயது சின்னவன், எனக்குத் தெரிந்த காட்டில் பாதி அவன் காட்டியது. போனில் அவன் சொன்னது, "வல்லிக்கா, நம்ம கிழிஞ்ச காது தண்ணிக்குள்ள நிக்குது, வாயி சரியில்லீங்க்கா" என்று மட்டும்தான். நம்ம கிழிஞ்ச காது. ஆறு வருடமாக நான் பின்தொடரும் யானை, பதிவேட்டில் அவளுக்கு ஓர் எண் உண்டு, நாங்கள் இருவரும் அந்த எண்ணைச் சொல்வதில்லை. அவள் கூட்டம் முந்தாநாள் முழுக்க எதிர்க்கரடில் காத்துக்கொண்டு நின்றது. நேற்று விடிந்தபோது இல்லை. நான்கு வயதுக் குட்டியை அவள் தங்கை நெட்டித் தள்ளி ஓட்டிக்கொண்டு போனதாக ரேசன் சொன்னான், குட்டி இரண்டு தடவை திரும்பி வந்ததாம், மூன்றாவது தடவை வரவில்லையாம்.

பதினொன்று பத்து. துதிக்கையில் தண்ணீர் எடுத்து வாய்க்குள் விடுகிறாள். வாய் மூடவில்லை. விட்ட தண்ணீர் அப்படியே வழிகிறது, இளஞ்சிவப்பாக. கீழ்த்தாடை ஒரு பக்கமாகத் தொங்குகிறது. காற்று திரும்பும்போதெல்லாம் நாற்றம் வருகிறது, உண்ணிச்செடி வாசனையையும் மீறி, அழுகல் நாற்றம். அவுட்டுக்காய். வனத்துறைக் கால்நடை டாக்டர் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு நேற்றே போனில் சொல்லிவிட்டார், பன்றிக்கு வெல்லம் தடவி வைக்கிற அவுட்டுக்காய் வெடியைக் கடித்திருக்கிறது, கடித்ததும் வாய்க்குள்ளேயே வெடித்திருக்கும், காயம் ஒரு வாரம் பத்து நாள் பழசு. ஒரு வாரம் பத்து நாள். நான் அந்தத் தகர டப்பாவைப் பார்த்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. இல்லை, அதை நினைக்கக்கூடாது, இந்த மலையடிவாரத்தில் எத்தனை தோட்டம், பன்றித் தொல்லை இல்லாத தோட்டம் எது, அவள் ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோமீட்டர் நடப்பவள், வடக்கே எங்காவது கடித்திருக்கலாம், கிழக்கே செங்கல் சூளைப் பக்கம், எங்கே வேண்டுமானாலும். பன்னிரண்டிலிருந்து பத்தைக் கழித்தால் இரண்டு. ஏழைக் கழித்தால் ஐந்து. எப்படிக் கழித்தாலும் டப்பா முன்னால் வருகிறது, காயம் பின்னால் வருகிறது.

பச்சைத் தகர டப்பா. பிஸ்கட் டப்பா. காட்டை ஒட்டி விவசாயம் பார்க்கும் ஆறுச்சாமி அண்ணனின் தோட்டத்துச் சாளையில், மோட்டார் ரூமுக்குள், கயிற்றுக் கட்டிலுக்கு அடியில். வேலியோரம் நான் கட்டிய கேமராவுக்கு பேட்டரி மாற்றப் போனவள், தாகம் எடுத்து அங்கே போனேன். அவர் மனைவி சரசா அக்கா மோர் கொண்டுவர வீட்டுக்குள் போயிருந்தார். செருப்பு கட்டிலுக்கடியில் போய்விட்டதென்று குனிந்தேன். டப்பா மூடவில்லை. எலுமிச்சம்பழ அளவில் நூல் சுற்றிய உருண்டைகள், எனக்கு அது என்னவென்று தெரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. நிமிர்ந்தால் வாசலில் ஆறுச்சாமி அண்ணன். நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். "பன்னிக்குத் தானுங் அம்மிணி," என்றார். "மூணு வாட்டி மக்காச்சோளம் போட்டேன், மூணு வாட்டியும் கதிரு புடிக்கறப்ப வந்து உழுது தள்ளீருச்சு. நானென்ன பண்றதுங்?" நான் என்ன சொன்னேன்? "எடுத்துருங்கண்ணே, யானை வர்ற வழி இது, தூக்கிப் போட்ருங்க" என்றேன். "சரிங்" என்றார். அவ்வளவுதான். மோரைக் குடித்தேன். கறிவேப்பிலை கிள்ளிப் போட்ட மோர். அவர் சரிங் என்று சொன்ன குரலில் உண்மை இருந்தது என்று நடந்துகொண்டே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அப்படிச் சொல்லிக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. ரேஞ்சரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவருக்கு ஜெயில். இரண்டு வருடத்துக்கு முன் டெங்கு வந்து நான் இந்தக் காட்டுப் பாதையில் விழுந்து கிடந்தபோது என்னைத் தூக்கி டெம்போவில் படுக்கவைத்துக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரி வரைக்கும் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர்கள் இவர்கள் இரண்டு பேரும்தான். சரசா அக்கா நான்கு நாள் வார்டில் கூட இருந்தார், என் வாந்தியை அள்ளினார். அந்த மனுசனை எப்படி ஜெயிலுக்கு அனுப்புவது? இப்படித்தான் நினைத்தேன். இல்லை. இதையும் நினைத்தேன், ஆனால் பஸ்ஸில் ஏறியதும் ஒரு கவிதை வரி வந்தது, நல்ல வரி, ஒரு மாதமாக எதுவும் எழுத வராமல் இருந்தேன், அந்த வரியின் வாலைப் பிடித்துக்கொண்டே காந்திபுரம் வரை போனேன், இறங்கும்போது எட்டு வரி இருந்தது, டப்பா இல்லை. சந்தோஷமாக இருந்தேன். அதுதான் உண்மை. டப்பாவைப் பார்த்த அன்று மாலையில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

பதினொன்று நாற்பது. போன். ஞாயிற்றுக்கிழமை கவிதைக் கூட்டம் நடத்தும் முகிலரசு. "தோழர், அழைப்பிதழ் அச்சுக்குப் போகுது, நீங்க அந்த யானைக் கவிதையத்தான வாசிக்கிறீங்க? எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க." அந்த யானைக் கவிதை. இவளைப் பற்றி எழுதியதுதான், மூன்று வருடத்துக்கு முன்னால், இவள் குட்டியை ஓடையில் குளிப்பாட்டியதைப் பார்த்துவிட்டு. அதற்குப் பரிசு வந்தது, ஒரு நடுவர் மேடையில் கண்கலங்கினார், ஒரு கல்லூரியில் பாடமாக வைத்தார்கள். கோவில்பட்டியிலிருந்து அம்மா போன் பண்ணி, யானையைப் பார்க்கவா உன்னை எம்.எஸ்ஸி. படிக்க வச்சேன் என்று பல வருடம் கேட்டவள், அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை. "தோழர், லைன்ல இருக்கீங்களா?" இருக்கிறேன். அவள் ஒரு கோரைப்புல் கொத்தைப் பிடுங்குகிறாள். தண்ணீரில் அடித்து மண்ணை உதறுகிறாள், எப்போதும் செய்வதுபோல, சுத்தக்காரி. வாய்க்குக் கொண்டுபோகிறாள். அங்கேயே வைத்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு விட்டுவிடுகிறாள். புல் மிதந்து போகிறது. அப்போது என் தலைக்குள் அது வந்தது, நீரில் நிற்கும் பசி, என்று ஒரு வரி, நான் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தது, அடுத்த வரிக்கு இடம் விட்டு. சீ. சீ என்று வாய்விட்டுச் சொல்லியிருப்பேன் போல. முகிலரசு, "என்ன தோழர்?" என்றார். "அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். இந்தப் புத்தியை என்ன செய்வது? ஒரு உயிர் பட்டினியில் கிடக்கும்போது அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சொல் பொறுக்குகிற இந்தப் புத்தியை? இது கவிஞரின் புத்தியா, நோட்டில் நான்கு என்று எழுதுகிறவளின் புத்தியா, இரண்டும் ஒன்றேதானா, இரண்டுமே கரையில் உட்கார்ந்திருப்பவைதானே?

பன்னிரண்டரைக்கு ரேசன் இரண்டு பொட்டலம் புளிசாதம் வாங்கிவந்தான். "சாப்புடுங்க்கா. நீங்க பட்டினி கெடந்தா அது வயிறு நெறையுமாக்கும்?" வேண்டாம் என்றேன். அவன் என் மடியில் வைத்துவிட்டுப் போனான். அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காது மூன்று. கண்ணுக்குக் கீழே ஈரக்கோடு, கன்னம் குழிந்து மண்டையோடு தெரிகிறது. எனக்கு நாற்பத்து மூன்று வயது, அவளுக்கும் ஏறத்தாழ அதுதான் இருக்கும் என்று ஒருதடவை கணக்குப் போட்டு அதையும் கவிதையில் வைத்தேன். கைக்கு ஏதோ பிசுபிசுப்பாக இருக்கிறதே என்று குனிந்தால் இலை காலி. முழுப் பொட்டலத்தையும் தின்றிருக்கிறேன். நிலக்கடலையைக்கூட விடவில்லை. நாக்கில் புளிப்பும் காரமும் நன்றாக இருந்தன. காலி இலையை மடித்து நோட்டுக்கு அடியில் வைத்தேன்.

ஒன்றேகாலுக்கு டாக்டர் வந்தார், ரேஞ்சரும் ஜீப்பும் ஏழெட்டு ஆட்களும். முதுமலையில் வேறொரு யானைக்கு வைத்தியம் பார்த்துவிட்டு நேராக வருகிறார், சட்டையில் மருந்துக் கறை. பைனாகுலரை என்னிடமிருந்து வாங்கி நெடுநேரம் பார்த்தார். "மயக்க ஊசி போடணும்னா வெளிய வரணும் மேடம். தண்ணிக்குள்ள வச்சுப் போட்டா விழுந்து மூச்சு முட்டிச் செத்துரும்." "வரலைன்னா?" அவர் பைனாகுலரைத் திருப்பித் தந்தார். கரையில் வாழைத்தாரும் வெல்லமும் தர்ப்பூசணியும் கொண்டுவந்து குவித்தார்கள், வெல்லத்துக்குள் மாத்திரை. எல்லாரும் புதருக்குப் பின்னால் மறைந்துகொண்டோம். அவள் வாசனை பிடித்தாள். துதிக்கை எழுந்து எங்கள் பக்கமாக வளைந்து நின்றது, நுனி விரல் மாதிரி அசைந்தது. ஒரு அடி வைத்தாள். ரேசன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். இன்னொரு அடி. வா. வா தாயே. பிறகு நின்றாள். வாழைத்தாரைப் பார்த்தபடி நின்று, பின்பக்கமாகவே இரண்டு அடி எடுத்து வைத்து, பழைய இடத்துக்கே போய்விட்டாள். தரையில் கிடக்கும் தீனியை அவள் இனிமேல் தொடமாட்டாள். யாரோ தரையில் வைத்த இனிப்பைத்தானே கடைசியாகத் தின்றாள். ஆறு வருடம் அவள் எதைத் தின்கிறாள் எத்தனை கிலோ தின்கிறாள் என்று எழுதினேன், அவள் எதைத் தின்னமாட்டாள் என்று தெரிந்துகொள்ள இன்றைக்கு வரவேண்டியிருந்தது. டாக்டர், "பொறுத்துப் பாப்போம்" என்றார். பொறுப்பதைத் தவிர நான் வேறு என்ன செய்தேன் இவ்வளவு நாளும்?

அப்போதுதான் அவர் வந்தார். தோளில் துண்டு, கையில் ஒரு கட்டுக் கரும்பு. ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் பாதையில் நின்றார்கள், ஆறுச்சாமி அண்ணன் அவர்களோடு நிற்காமல் சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம். நான் திரும்பவில்லை. திரும்பினால் கேட்டுவிடுவேன் என்று பயம், கேட்டால் சொல்லிவிடுவார் என்று அதைவிடப் பயம். இரண்டு இருபது. இரண்டு இருபத்தைந்து. காது இரண்டு. "அம்மிணி," என்றார் தரையைப் பார்த்து. நான் எழுதிக்கொண்டிருந்தேன், எதையோ. "நீங்க சொன்னீங்கல்ல, அதுக்கு முந்தின நாளே வேலியோரத்துல பத்து வெச்சுப்போட்டனுங். டப்பால இருந்தது மிச்சம். நீங்க சொல்லீட்டுப் போனீங்க, எனக்குத் தூக்கமே வல்லீங். வெடியக்காலைல போய் எல்லாத்தையும் எடுத்தேன்." நிறுத்தினார். அவர் மூச்சு கேட்டது. "ஒம்பதுதானுங் கெடச்சுது."

ஒன்பது. நான் நோட்டில் ஒன்பது என்று எழுதியிருக்கிறேன், இரண்டு முப்பது, ஒன்பது, எந்தக் கட்டத்திலும் சேராமல். "ரெண்டு நாளாத் தேடுனேன், சரசாளும் தேடுனா. நாயி கீயி தூக்கீட்டுப் போயிருக்கும், காட்டுக்குள்ள எங்காச்சும் பன்னி செத்துக் கெடக்கும்னு மனசத் தேத்திக்கிட்டேன். உங்க கிட்டச் சொல்லோணும்னு ரெண்டு வாட்டி போனை எடுத்தேன். அப்பறம் வெச்சுப்போட்டேன். பயந்துக்கிட்டனுங்." என் சொல்லுக்கு அவர் கட்டுப்பட்டிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன், அது வேலை செய்திருக்கிறது, நான் எழுதியதிலும் பேசியதிலும் எதுவும் இந்த அளவுக்கு யாரையும் அசைத்ததில்லை, பத்தில் ஒன்பதை அசைத்திருக்கிறது. அன்றைக்கு இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால், அண்ணே ஏற்கெனவே வெளியில வச்சிருக்கீங்களா என்று ஒரே ஒரு கேள்வி, இருட்டுமுன் இரண்டு பேரும் போய்ப் பத்தையும் பொறுக்கியிருப்போம். சரி, மறுநாளாவது அவர் போன் பண்ணியிருந்தால், ரேசன் தடம் பிடித்திருப்பான், புண் அழுகுவதற்குள் டாக்டர் வந்திருப்பார், அப்போது அவள் நிலத்தில் நின்றாள், தண்ணீருக்கு இன்னும் இறங்கவில்லை. அவர் போன் பண்ணவில்லை. நானும்தான் பண்ணவில்லை. பன்னிரண்டு நாளில் ஒருநாள்கூட, அண்ணே தூக்கிப் போட்டீங்களா என்று கேட்கவில்லை, கேட்டால் இல்லையென்று சொல்லிவிடுவாரோ என்று. இரண்டு பேரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கம் உட்கார்ந்திருந்திருக்கிறோம், நடுவில் அவள் அந்த வாயோடு நடந்திருக்கிறாள். "என்ன பண்ணட்டும் சொல்லுங்க அம்மிணி," என்றார். சொல்லுங்க. கூப்பிடாமல் வந்துகொண்டிருந்த வரிகள்கூட எங்கேயோ போய்விட்டிருந்தன. அவர் மடியிலிருந்து கரும்பு சரிந்து விழுந்தது, எடுக்கவில்லை.

மூன்று பத்துக்கு முன்கால் மடங்கியது. நான் எழுதவில்லை. முதலில் குனிவது மாதிரித்தான் இருந்தது, தண்ணீர் குடிக்கக் குனிகிறாள் என்று நினைத்தேன், பிறகு தோள் சாய்ந்தது, அலை கரைவரை வந்தது. ரேசன் "தலையப் புடிங்கடா!" என்று கத்திக்கொண்டு குதித்தான். டாக்டர் கயிறு கயிறு என்றார். யார் யார் இறங்கினார்கள் தெரியாது, நான் இறங்கியிருந்தேன், செருப்போடு, நோட்டு எங்கே விழுந்ததோ. சேறு காலைப் பிடித்தது. பக்கத்தில் போகக்கூடாது, நூறு அடிக்குள் போகவே கூடாது, புதிதாக வருகிற மாணவர்களுக்கு நான் சொல்லும் முதல் விதி. அவள் துதிக்கை தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, அதை இரண்டு கையாலும் தூக்கி என் தோள்மேல் போட்டுக்கொண்டேன். இத்தனை கனம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எல்லா அளவும் தெரியும், கனம் தெரியாது. சுருக்கங்களில் முள்முள்ளாக மயிர். நுனி என் கன்னத்துக்குப் பக்கத்தில், மூச்சு வந்தது, சூடான மூச்சு, அழுகல் நாற்றத்தோடு, என் கழுத்தில். ஆறுச்சாமி அண்ணன் எதிரில் நின்று தாடைக்கு அடியில் தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தார், அவர் முகம் முழுக்க இளஞ்சிவப்புத் தண்ணீர், கண்ணை மூடியிருந்தார். "விட்றாதீங்க, விட்றாதீங்க" என்று ரேஞ்சர் கரையிலிருந்து கத்தினார். விடவில்லை. யாரும் விடவில்லை. பத்துப் பேர் பிடித்திருந்தோம். அவள் கண் எனக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது, தேன் நிறம், இமைமயிர் இவ்வளவு நீளம் என்பதைப் பைனாகுலர் காட்டியதே இல்லை, என்னைப் பார்க்கிறாளா என்று தேடினேன், அதில் நான் இல்லை, வானம்தான் இருந்தது. ஒரு மூச்சு. வெகுநேரம் கழித்து இன்னொன்று. அடுத்ததற்காகக் கழுத்தை அசைக்காமல் நின்றேன். ரேசன்தான் பிறகு என் கையை ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டான். "போதுமுங்க்கா."

கரையில் ஜீப்பின் முகப்பின்மேல் தாளை வைத்து ரேஞ்சர் எழுதிக்கொண்டிருந்தார். டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு கத்திகளை எடுத்து வைத்தார். வெயில் இன்னும் இருந்தது, என் துணியிலிருந்து தண்ணீர் சொட்டி மண்ணில் குழி விழுந்தது. ஆறுச்சாமி அண்ணன் நடந்து வந்து ஜீப்புக்கு முன்னால் நின்றார், துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு. வாய் திறந்தார், சத்தம் வரவில்லை. ரேஞ்சர் நிமிர்ந்து, "பயிர்ச் சேதமா பெரியவரே? நாளைக்கு ஆபீசுக்கு வாங்க, இன்னைக்கு இந்த வேலை இருக்கு" என்றார். அவர் பாதையைத் திரும்பிப் பார்த்தார், சரசா அக்கா அங்கே நின்றுகொண்டிருந்தார், கையை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு, என் வாந்தியை அள்ளிய கை அது, அவருக்கும் எல்லாம் தெரியும். அவர் இப்படியே போய்விடலாம். வேறு யாருக்கும் தெரியாது. இன்னொரு யானை, இன்னொரு அவுட்டுக்காய், வைத்தவர் தெரியவில்லை என்று தாளில் ஒரு வரி. ரேஞ்சர் தாளைப் பார்த்தபடியே என்னிடம் கேட்டார், "மேடம், கடைசியா எப்பப் பாத்தீங்க?" யானையைத்தான் கேட்கிறார். நல்ல நிலையில் எப்போது பார்த்தீர்கள் என்று கேட்கிறார். நோட்டைப் பார்த்து ஒரு தேதி சொன்னால் போதும்.

"பன்னெண்டு நாளைக்கு முன்னாடி," என்றேன். "இவங்க தோட்டத்துல. மோட்டார் ரூம்ல, கட்டிலுக்கு அடியில. தகர டப்பாவுல."

"டப்பாவுலயா? எதைச் சொல்றீங்க மேடம்?"

"அவுட்டுக்காய. பாத்துட்டு யார்கிட்டயும் சொல்லல."

"நாந்தானுங் வெச்சேன்," என்று ஆறுச்சாமி அண்ணனுக்கு அப்போதுதான் குரல் வந்தது. "அம்மிணி எடுக்கச் சொன்னாங். எடுத்தனுங். ஒண்ணு..." பாதையில் சரசா அக்கா அப்படியே மண்ணில் உட்கார்ந்தார்.

ரேஞ்சர் எழுதிக்கொண்டிருந்த தாளை மெதுவாக எடுத்து மடித்துப் பையில் வைத்தார். ஜீப்புக்குள் கையை விட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார், முகப்பின்மேல் விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டார். மூன்று வருடமாக என்னைத் தெரிந்தவர். என் புத்தகத்தில் கையெழுத்து வாங்கியவர். நிமிர்ந்து என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"பேரு?"